வீட்டு பீரில் நொதித்தல் தடைபட்டால், நாற்றம் எழுந்தால்: காரணம் கண்டறியும் முழு வழிகாட்டி

ஈஸ்ட் போட்ட மூன்றாம் நாள் காலையில் வாளியருகே குனிந்து பார்க்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தால், புதிதாகப் பீர் தயாரிப்பவர் இருபது லிட்டரையும் சாக்கடையில் கொட்டிவிடத் துணிந்துவிடுகிறார். அப்படிக் கொட்டப்பட்ட நல்ல பீரை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாளில் எழும் அந்த நாற்றம் பெரும்பாலும் ஈஸ்ட் சுறுசுறுப்பாக வேலை செய்வதன் விளைவு; ஒரு வாரத்தில் தானாகவே போய்விடும். ஆனால் அதே நாற்றம் இரண்டு மாதம் கழித்துப் பாட்டிலைத் திறக்கும்போது எழுந்தால் அதன் பொருள் வேறு. எந்த நாற்றம் என்று கேட்பதோடு, அது எந்த நாளில், எந்த வெப்பநிலையில், வாளியிலா கோப்பையிலா எழுந்தது என்றும் சேர்த்துக் கேட்டால்தான் காரணம் பிடிபடும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

நான் இங்கிலாந்தில் வசிப்பதால், இங்கே வீடுகளில் அதிகம் செய்யப்படும் 20 லிட்டர் பேல் ஏல் (அறை வெப்பத்தில் நொதிக்கும் வெளிர்நிற பீர் வகை) ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்: தொடக்க அடர்த்தி 1.048 (நீரின் அடர்த்தி 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இந்த எண் இறங்கும்), ஏல் ஈஸ்ட், 18 முதல் 20 °செ. வெப்பநிலை. பிரிட்டனில் வீட்டுத் தயாரிப்புக்கான உரிமம் 1963-இல் நீக்கப்பட்டது. சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் உரிமமின்றி வீட்டில் பீர் தயாரிப்பது அங்கே குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகர்கள் பலருக்கு உள்ள ஓர் அச்சத்தையும் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். கள்ளச்சாராய மரணங்களுக்குக் காரணமான மெத்தனால், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைச் சாராயத்தில் கலப்பதால் வருவது. பார்லி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) நொதிக்கவிட்டு, வடிக்காமல் அப்படியே குடிக்கும் பீரில் தீங்கு செய்யும் அளவுக்கு அது உருவாவதில்லை. ஆல்கஹாலும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களும், pH 4 முதல் 4.5 வரையிலான அமிலத்தன்மையும் சேர்ந்திருப்பதால் நோய்க்கிருமிகள் முடிந்த பீரில் பொதுவாகப் பிழைப்பதில்லை. நாற்றமடிக்கும் பீர் பெரும்பாலும் சுவைகெட்ட பீரே தவிர நஞ்சு அன்று. பஞ்சுபோல் பூசணம் பூத்த பீர் மட்டும் விதிவிலக்கு. அதைச் சுவைத்தும் பார்க்க வேண்டாம்.

முதல் படி: எதையும் செய்யும் முன் அளந்து எழுதுங்கள்

ஒரு குறிப்பேட்டில் ஈஸ்ட் போட்ட நாளும் நேரமும், பீரின் வெப்பநிலை, அடர்த்தி, நாற்றத்தின் வருணனை ஆகிய நான்கையும் எழுதுங்கள். அறையின் வெப்பநிலையை எழுதினால் போதாது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது பீர் தன் சூட்டினாலேயே அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக இருக்கும். வாளியின் வெளிப்புறத்தில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை ஓரளவு சரியாகவே காட்டும்.

அடர்த்தியை, திரவத்தில் மிதக்கவிடும் கருவியான ஹைட்ரோமீட்டரால் அளக்க வேண்டும். கிருமிநீக்கம் செய்த குழாயாலோ கரண்டியாலோ சுமார் 100 மில்லி எடுத்து, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு மாற்றி மாற்றி ஊற்றி வாயுவை வெளியேற்றுங்கள். குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கினால் அளவு கூடுதலாகத் தெரியும். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 °செ.-க்கு அளவிடப்பட்டவை, 30 °செ.-இல் அளந்தால் உண்மையைவிட 0.002 அல்லது 0.003 குறைவாகக் காட்டும். அளந்த பீரைச் சுவைத்துப் பாருங்கள். வாளியில் திரும்ப ஊற்ற வேண்டாம்.

ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அது சர்க்கரைக் கரைசலுக்காகச் செய்யப்பட்ட கருவி. ஆல்கஹால் ஒளியை வேறு விதமாக வளைப்பதால், 1.010-க்கு இறங்கி முடிந்துவிட்ட பீரையும் 1.020-க்கு மேல் நிற்பதாகவே காட்டும். ‘நொதித்தல் நின்றுவிட்டது’ என்று பதறுபவர்களில் கணிசமானோர் திருத்தக் கணக்குப் போடாமல் இந்தக் கருவியை நம்பியவர்கள்தான்.

மூக்கால் சோதிப்பதிலும் ஒரு முறை உண்டு. ஏர்லாக்கிலிருந்து (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழல்) வரும் வாயுவை முகர்ந்து பீரை எடைபோடக் கூடாது. வெளியேறும் கார்பன் டைஆக்சைடு எளிதில் ஆவியாகும் நாற்றங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதால், வெளியே நாறுவது உள்ளே தங்குவதில்லை. மூடியைத் திறந்து மூக்கை உள்ளே நுழைப்பதும் தவறு. அங்கே தேங்கிய கார்பன் டைஆக்சைடு மூச்சைத் திணறடிக்கும். கோப்பையில் ஊற்றி, உள்ளங்கையால் மூடி, சற்றே சுழற்றிவிட்டு முகர்ந்தால் பீர் எப்படி இருக்கிறது என்று தெரியும்.

இரண்டாம் படி: நொதித்தல் தொடங்கவே இல்லை என்றால்

ஈஸ்ட் போட்டவுடன் குமிழி வராது. அது முதலில் ஆக்சிஜனை உறிஞ்சி, செல் சவ்வுகளை வலுப்படுத்திக்கொண்டு, பிறகே பெருகத் தொடங்கும். இதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். குளிர்ச்சியில் நொதிக்கும் லாகர் ஈஸ்டுக்கு 48 மணி நேரம்கூட ஆகலாம்.

ஏர்லாக்கில் குமிழி இல்லாததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். என் தொடக்க நாள்களில் இரண்டு நாள் அசையாமல் நின்ற ஏர்லாக்கைப் பார்த்துக் கவலையோடு இன்னொரு பொட்டலம் ஈஸ்ட் வாங்கிவந்தேன். மூடியைத் திறந்தால் சுவரெல்லாம் நுரை காய்ந்த வளையம் இருந்தது, அடர்த்தி 1.014-க்கு இறங்கியிருந்தது. மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பதியாததால் வாயு விளிம்பு வழியே வெளியேறியிருக்கிறது. பிளாஸ்டிக் வாளிகளில் இது மிகச் சாதாரணம்.

48 மணி நேரம் கழிந்தும் அடர்த்தி 1.048-லேயே நின்றால், முதலில் பீரின் வெப்பநிலையைப் பாருங்கள். 15 °செ.-க்குக் கீழே இருந்தால் ஏல் ஈஸ்ட் மந்தப்பட்டிருக்கும். வாளியைப் போர்வையால் சுற்றி 19 அல்லது 20-க்குக் கொண்டுவந்தாலே போதும். வெப்பநிலை சரியாக இருந்து அடர்த்தி மட்டும் அசையவில்லை என்றால் ஈஸ்டுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. அது பழையதாக இருந்திருக்கலாம். அல்லது வோர்ட் எனப்படும் மால்ட் சாறு 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே போடப்பட்டு இறந்திருக்கலாம். 11 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதன் எடையைப் போலப் பத்து மடங்கு, 30 முதல் 35 °செ. சூடுள்ள கொதித்தாறிய நீரில் தூவி, இருபது நிமிடம் கழித்து வாளியில் சேருங்கள். 72 மணி நேரத்தைத் தாண்டிக் காத்திருக்க வேண்டாம். ஈஸ்ட் ஆளாத இனிப்பு நீரை வேறு நுண்ணுயிர்கள் ஆளத் தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: பாதியில் நின்றுவிட்டால்

அடர்த்தி 1.048-இலிருந்து 1.022-க்கு வந்து, மூன்று நாளாக அசையவில்லை என்று கொள்வோம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஈஸ்ட் சோர்ந்துவிட்டதா, அல்லது அது தின்னக்கூடிய சர்க்கரை தீர்ந்துவிட்டதா என்பது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது 70 °செ.-ஐ ஒட்டி நடந்திருந்தால், ஈஸ்ட் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் மிகுந்திருக்கும். சில மால்ட் எக்ஸ்ட்ராக்ட்களும் (கெட்டியாக்கிய மால்ட் சாறு) 1.020-ஐ ஒட்டியே நின்றுவிடும். அந்த நிலையில் எத்தனை பொட்டலம் ஈஸ்ட் போட்டாலும் பயனில்லை.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. அரை லிட்டர் பீரைத் தனியே எடுத்து, அதில் அரைப் பொட்டலம் புதிய ஈஸ்டைப் போட்டு, 25 °செ.-இல் வைத்து, அவ்வப்போது குலுக்கி, இரண்டு நாள் கழித்து அளந்து பாருங்கள். அதுவும் 1.022-லேயே நின்றால் பீர் முடிந்துவிட்டது. சற்றே இனிப்பான, கனமான பீர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மாறாக 1.012-க்கு இறங்கினால் வாளியில் உள்ள ஈஸ்ட்தான் சோர்ந்திருக்கிறது. வாளியை 21 டிகிரிக்கு உயர்த்தி, அடியில் படிந்த ஈஸ்டைக் கிருமிநீக்கம் செய்த கரண்டியால் மெதுவாகக் கிளறிவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், தனி ஜாடியில் சிறிது வோர்ட்டில் நுரைத்துக்கொண்டிருக்கும் ஈஸ்டை, அந்த வேகத்திலேயே வாளியில் சேருங்கள். ஆல்கஹால் நிறைந்த பீரில் உலர் ஈஸ்டை நேரடியாகத் தூவினால் அது பெரும்பாலும் எழும்பாது. இந்தக் கட்டத்தில் காற்றேற்றாதீர்கள். தொடக்கத்தில் மருந்தாக இருந்த ஆக்சிஜன் இப்போது பீரைக் கெடுக்கும்.

நான்காம் படி: காலம் ஆற்றும் நாற்றங்கள்

நாற்றங்களில் மூன்று, ஈஸ்டாலேயே உண்டாகி ஈஸ்டாலேயே தீர்பவை. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயுவால் வருவது. லாகர் ஈஸ்ட்களும் சில கோதுமை பீர் ஈஸ்ட்களும் இதை மிகுதியாக வெளியிடும். வெளியேறும் கார்பன் டைஆக்சைடு இதைக் கொண்டுபோய்விடும் என்பதால் வாளியை வெப்பமான இடத்தில் இன்னும் ஒரு வாரம் விட்டுவைப்பதே வைத்தியம். ஜிப்சம் மிகுந்த நீருக்குப் பெயர்பெற்ற பர்ட்டன் நகரத்து ஏல்களில் மெல்லிய கந்தக வாடையை இயல்பான குணமாகவே இங்கே ஏற்றுக்கொள்கிறார்கள்.

பச்சை ஆப்பிளை நறுக்கியது போன்ற மணம் அசிட்டால்டிஹைடு. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் வழியில் கடைசிக்கு முந்தைய நிறுத்தம் அது. அந்த மணம் இருந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். ஏழாம் நாளே பாட்டிலில் அடைக்கும் அவசரக்காரர்களின் பீரில் இது நிலைத்துவிடுகிறது. ஆனால் நொதித்தல் முடிந்து பல வாரங்கள் கழித்து இது புதிதாகத் தலைகாட்டினால், காற்று புகுந்து ஆல்கஹால் எதிர்த்திசையில் மாறத் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வினிகர் அதற்கு அடுத்த கட்டம்.

தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் மணமும், நாக்கில் வழுவழுப்பும் டைஅசிட்டைலால் வருபவை. இது மூவரிலும் தந்திரமானது. ஈஸ்ட் வெளிவிடும் மணமற்ற ஒரு முன்பொருள் பீரில் மெல்ல மெல்ல டைஅசிட்டைலாக மாறுகிறது. ஈஸ்ட் மீண்டும் அதை உறிஞ்சிக்கொள்கிறது. இடையில் நாம் பீரைக் குளிர்வித்தாலோ ஈஸ்டிலிருந்து பிரித்தாலோ, அன்று மணமே இல்லாத பீர், பாட்டிலில் இருந்து மூன்று வாரம் கழித்து வெண்ணெயாக மணக்கும். ஆகவே குளிர்விக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: இரண்டு கோப்பைகளில் பீர் எடுத்து, ஒன்றை மூடி, 65 முதல் 70 °செ. வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே வெப்பநிலைக்கு ஆறவைத்து முகருங்கள். சூடாக்கிய கோப்பையில் மட்டும் வெண்ணெய் மணந்தால் முன்பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது; வாளியை 20 °செ.-இல் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள். இரண்டிலும் மணக்காதபோதே அடுத்த வேலைக்குப் போகலாம். பீர் புளிக்கவும் செய்து, வெண்ணெய் மணம் நாளுக்கு நாள் கூடினால் அது பீடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் வேலை. அதற்குக் காத்திருப்பு மருந்தாகாது.

ஐந்தாம் படி: அடுப்பிலும் குழாய் நீரிலும் பிறந்த நாற்றங்கள்

வேகவைத்த மக்காச்சோளம் அல்லது முட்டைக்கோஸ் வாடை டைமெத்தில் சல்ஃபைடு. மால்ட்டில் இயல்பாக உள்ள ஒரு பொருள் சூட்டில் இதுவாக மாறி, கொதிக்கும்போது ஆவியோடு போய்விடுகிறது. பாத்திரத்தை மூடிபோட்டுக் கொதிக்கவைத்தால் ஆவி மூடியில் குளிர்ந்து மீண்டும் உள்ளேயே விழும். பேல் மால்ட்டுக்கு 60 நிமிடம், வெளிறிய பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90 நிமிடம், திறந்த பாத்திரத்தில், நன்றாகப் புரளும் கொதியாகக் கொதிக்க வேண்டும்; பிறகு விரைவாகக் குளிர்விக்க வேண்டும். பீரான பிறகு இதை நீக்க நம்பகமான வழி இல்லை.

மருத்துவமனை வாடை, பிளாஸ்திரி வாடை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகமானோரைக் குழப்புவது இதுதான். நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த டெட்டாலின் செயல்படு பொருளான குளோரோக்சைலினால் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே குளோரோஃபீனால் குடும்பமே இந்த நாற்றத்துக்கும் காரணம். குழாய் நீரில் உள்ள குளோரினோ குளோரமினோ மால்ட்டிலும் ஈஸ்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேரும்போது இது உண்டாகிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதால் மிகச் சிறிய கவனக்குறைவும் முழு வாளியைக் கெடுத்துவிடும். நான் தயாரித்த ஒரு பேல் ஏலில் இந்த வாடை வந்தபோது, நீரைச் சரியாகத்தானே பதப்படுத்தினேன் என்று பல நாள் குழம்பினேன். குறிப்பேட்டைப் புரட்டியபோது தெரிந்தது: ஊறவைக்கும் நீரை மட்டும் பதப்படுத்திவிட்டு, கடைசியில் அளவு குறைந்ததென்று குழாயிலிருந்து நேரே மூன்று லிட்டர் ஊற்றியிருக்கிறேன்.

குளோரின் கொதியில் போய்விடும். குளோரமின் எளிதில் போகாது. எனவே அன்று பயன்படுத்தப்போகும் நீர் முழுவதையும் முதலிலேயே ஒரே பாத்திரத்தில் பிடித்து, 25 லிட்டருக்கு அரைக் காம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்குங்கள். மெட்டாபைசல்ஃபைட்டால் ஆன அந்த மாத்திரை சில நிமிடங்களில் இரண்டையும் செயலிழக்கச் செய்யும். ப்ளீச்சால் கழுவிய பாத்திரத்தின் மிச்சமும் இதே நாற்றத்தைத் தரும் என்பதால் பீர்ப் பாத்திரங்களுக்கு ப்ளீச்சையே நான் பரிந்துரைப்பதில்லை. அதிலும் ப்ளீச்சை அமிலக் கிருமிநீக்கியோடு ஒருபோதும் கலக்கக் கூடாது; குளோரின் வாயு வெளியாகும்.

ஆறாம் படி: சூட்டால் வந்தவை

தொண்டையை எரிக்கும் சாராய நெடியும், நெயில் பாலிஷ் நீக்கியின் வாடையும் ஈஸ்ட் மிகுந்த சூட்டில் வேலை செய்ததைக் காட்டுகின்றன. பெரும்பாலான ஏல் ஈஸ்ட்களுக்கு 24 °செ.-க்கு மேல் ஆபத்து தொடங்குகிறது. முதல் மூன்று நாள்களே தீர்மானிப்பவை. பிறகு குளிர்வித்தாலும் உண்டானது போகாது. முதல் நாளிலிருந்தே வாளியை ஒரு நீர்த்தொட்டியில் நிறுத்தி, உறையவைத்த நீர்ப் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிவைத்தால் 4 டிகிரி வரை குறைக்கலாம். அறையே 30 டிகிரியாக இருக்கும் கோடையில் ஈஸ்டோடு போராடுவதைவிட ஈஸ்டை மாற்றுவது நல்லது. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காக்கப்பட்டுவந்த க்வைக் ஈஸ்ட்களில், வாஸ் பகுதியைச் சேர்ந்தது 35 முதல் 40 °செ.-இல்கூடத் தூய்மையான பீரைத் தருகிறது.

வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது பவேரியக் கோதுமை பீரில் அழகு. ஈஸ்ட் விற்பவர் குறித்திருக்கும் குணமும் அதுவே. பேல் ஏலில் கிராம்பு மணந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும்.

ஏழாம் படி: தொற்றை அடையாளம் காணுதல்

ஈஸ்டின் நுரைக்கட்டிகள் பழுப்பாக, ஒழுங்கற்று, மேலே மிதப்பது இயல்பு. தொற்றின் படலமோ வெண்மையாக, உலர்ந்த தாள்போல், சில சமயம் பெரிய குமிழிகளைப் போர்த்திய தோல்போல் பரவியிருக்கும். மணம் இங்கே பெரிய துணை. வினிகர் நெடி அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியாவையும், அது வாழக் காற்று புகுந்திருப்பதையும் சொல்கிறது. நீராகாரத்தின் தெளிந்த புளிப்பு லாக்டோபாசிலஸுக்கு உரியது. அது நமக்கு நன்கு பழகிய மணம். வாந்தி போன்ற நாற்றம் பியூட்டிரிக் அமிலம். ஈஸ்ட் போடாமல் வெதுவெதுப்பாகக் கிடந்த வோர்ட்டில் இது உண்டாகும். பழைய பாலாடைக்கட்டி அல்லது வியர்வைக் காலுறை போன்ற வாடையைத் தொற்று என்று எண்ணிவிட வேண்டாம்; காற்றுப்பட்டுப் பழசான ஹாப்ஸே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

தொற்றை நீக்க முடியாது. அதன் இருப்பிடத்தைத்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து அதே நாற்றம் வந்தால், வாளியின் அடிக்குழாயைக் கழற்றி, திருகு திருகாகப் பிரித்துப் பாருங்கள். வெளியே பளபளக்கும் குழாயின் உள்ளே பழைய பீர் கெட்டியாக ஒட்டியிருக்கும். ரப்பர் வளையங்கள், ஊற்றுக்குழாய்கள், கீறல் விழுந்த வாளி ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். கீறலுக்குள் கிருமிநீக்கி எட்டாது. அழுக்கின் மேல் கிருமிநீக்கி வேலை செய்யாது என்பதால், சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரால் முதலில் அழுக்கை நீக்கிவிட்டே கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

எட்டாம் படி: பாட்டிலில் அடைக்கும் முன்னும் பின்னும்

மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்து, அந்த அளவும் எதிர்பார்த்த 1.010, 1.012 என்பதை ஒட்டி இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடைக்கலாம். மாற்றும்போது குழாயின் முனையை அடிவரை இறக்கிச் சலசலப்பின்றி நிரப்புங்கள். இங்கே புகும் காற்று, சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையாக வெளிப்படும்; ஹாப்ஸ் மிகுந்த பீர் நிறம் மங்கிப் பழுப்பாகும். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து ஸ்கங்க் என்னும் விலங்கின் வாடையைத் தரும் கந்தகச் சேர்மமாக மாறும். பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் இதைத் தடுக்காது, பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும்.

20 லிட்டருக்கு 110 முதல் 120 கிராம் சர்க்கரையை நீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சீராகக் கலந்தால் மிதமான வாயு கிடைக்கும். கரண்டியால் ஒவ்வொரு பாட்டிலிலும் தோராயமாகப் போடாதீர்கள். நொதித்தல் முடியாத பீர், மிகுந்த சர்க்கரை, நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் மெல்ல உடைத்துத் தின்னும் டையாஸ்டேடிகஸ் வகை ஈஸ்ட் ஆகிய மூன்றும் பாட்டிலை வெடிக்கவைக்கக் கூடியவை. கண்ணாடிச் சில்லுகள் அறை முழுவதும் பாயும் என்பதால் இது சுவையைப் பற்றிய கவலை அன்று, கண்ணைப் பற்றியது.

ஒவ்வொரு முறையும் ஒரேயொரு பிளாஸ்டிக் குளிர்பானப் பாட்டிலையும் சேர்த்து நிரப்புங்கள். 20 °செ.-இல் இரண்டு வாரத்தில் அது விரலால் அழுத்த முடியாதபடி விறைத்தால் மற்றவையும் தயார். கல்லைப்போல் இறுகி, அடிப்பாகம் புடைக்கத் தொடங்கினால் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அணிந்து எல்லாப் பாட்டில்களையும் உடனே குளிர்பெட்டிக்குள் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த மறுநாள், ஒவ்வொன்றின் மேலும் கனமான துண்டைப் போர்த்தி மூடியை லேசாக நெம்பி வாயுவை விடுங்கள். சீறல் அடங்கியதும் புதிய மூடியால் அடையுங்கள்.